மேசையின் அடிப்பக்கம்

ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எட்டு வருடம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். ஆக்டேவியோ பாஸ் 1973இல் எழுதியது. நான் படித்தது ஆங்கிலத்தில். தலைப்பைத் தமிழில் ‘பயன்பாடும் தியானமும்’ என்று வைத்துக்கொள்ளலாம். உலகக் கைவினை மன்றம் 1974இல் டொரோன்டோவில் நடத்திய கண்காட்சியை ஒட்டி வந்த நூலுக்காக எழுதப்பட்டது. கைகளைப் போற்றுகிறோம் என்பதுதான் அந்த நூலின் பெயருக்கே அர்த்தம். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் அது எனக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்தால் பாஸ், மண்பானையைப் பார்த்தால் பாஸ் என்று நண்பர்களை வதைத்திருக்கிறேன். ஒருவன் என்னைப் ‘பானை பாஸ்’ என்றே கூப்பிட ஆரம்பித்தான்.

நம்மில் பலருக்கும் பாஸ் டெல்லியில் தூதராக இருந்த கவிஞர். 1962 முதல் 1968 வரை இங்கே இருந்தார். மெக்சிகோ நகரத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்காகப் பதவியை உதறினார், 1990இல் நோபல் வாங்கினார். இதெல்லாம் தெரியும். கைவினை பற்றி அவர் எழுதிய இந்தக் கட்டுரை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கோ அவருடைய கவிதைகளை விட இது நெருக்கம். அந்த நெருக்கத்தில் ஒரு பிசகு இருந்தது என்பதை ஒரு சனிக்கிழமை, மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் குவானாஹோ என்ற ஊரில், ஒரு தச்சுப் பட்டறையில் குனிந்து நின்றபோது கண்டுபிடித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாஸ் என்ன சொல்கிறார் என்பதை என் வார்த்தையில் சுருக்கிவிடுகிறேன். நவீன காலத்தில் பொருட்கள் இரண்டு முகாமாகப் பிரிந்துவிட்டன. ஒரு பக்கம் தொழிற்சாலைப் பொருள். அதன் வேலை முடிந்தால் அதன் வாழ்வும் முடிந்தது, குப்பைக்குப் போகும். இன்னொரு பக்கம் கலைப்பொருள். கோயில் காலியான இடத்தில் அருங்காட்சியகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கலைப்பொருளைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம், அதற்கு நித்தியத்துவம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கைவினைப் பொருள் இருக்கிறது. அது பயன்படவும் செய்கிறது, அழகாகவும் இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு பூ, ஒரு கோடு, ஒரு நிறம் அதில் இருக்கும். அந்த உபரிதான் இன்பம். செய்தவனின் விரல் பட்ட தடம் அதில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது நித்தியத்துவத்தைக் கேட்பதில்லை. நம்மோடு சேர்ந்து கிழடாகிறது, விரிசல் விடுகிறது, ஒருநாள் போய்விடுகிறது. சாவதற்குக் கற்றுக்கொடுக்கிறது.

இருபத்திரண்டு வயதில் இதைப் படித்தால் மயங்காமல் எப்படி?

*

வேலைக்காக ஆறு மாதம் மெக்சிகோவில் இருந்தேன். மொரேலியாவில் ஒரு தோழி கிடைத்தாள், அந்த ஊர்க்காரி. சாப்பாட்டுக்குப் போன இடத்தில் பாஸ் பற்றி நான் அளந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “என் அம்மாவுக்குச் சின்னதா ஒரு மேசை வாங்கணும், சனிக்கிழமை குவானாஹோ போறேன். நீயும் வாயேன், உன் பாஸை நேர்ல பாரு” என்றாள்.

மொரேலியாவிலிருந்து பாட்ஸ்குவாரோ ஒரு மணி நேரம். அங்கிருந்து ‘கோம்பி’ எனப்படும் ஷேர் வேன். ஏரியைச் சுற்றியுள்ள மலைப்பகுதி, கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே. மக்காச்சோள வயல், அதற்கு மேல் பைன், ஓக் மரங்கள். பூரேபெச்சா மக்களின் நிலம். பக்கத்திலேயே துபாதாரோ என்ற சிற்றூர் வருகிறது. அங்கே இறங்கி சந்தியாகோ தேவாலயத்தைப் பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர். உள்ளே போய் அண்ணாந்தால் மரக்கூரை முழுக்கப் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம். பெயர் தெரியாத கைகள் பலகை பலகையாகத் தீட்டிய கிறிஸ்துவின் பாடுகளும் மாதாவின் வாழ்வும். அந்தப் பலகைகளும் ஒரு காலத்தில் தச்சு வேலைதான். இப்போது கழுத்து வலிக்கப் பார்க்கலாம், தொட முடியாது. பாஸ் சொன்ன முதல் முகாம் இது என்று மனதுக்குள் டிக் அடித்துக்கொண்டேன். அடுத்தது குவானாஹோ. டிக் அடிக்கும் மனநிலையிலேயே போய் இறங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குவானாஹோவில் இறங்கியதும் முதலில் வருவது வாசனை. பைன் மரத்தூளும் வார்னிஷும். தெருவில் பாதி வீடுகளின் வாசலில் அலமாரி, பெஞ்சு, கட்டில் தலைப்பலகை, பெட்டி. எல்லாம் செதுக்கியவை, பெரும்பாலும் நிறம் தீட்டியவை. முகம் வைத்த சூரியன், பிறைநிலா, தர்பூசணிக் கீற்று, சூரியகாந்தி, மீன். ஒரு கதவில் முதுகு காட்டி உட்கார்ந்து வெள்ளை கலா லில்லிப் பூக்கட்டை அணைத்திருக்கும் பெண். தியெகோ ரிவேராவின் ஓவியத்திலிருந்து நேராக இறங்கி வந்தவள். ஒரு திண்ணையில் ஒரு பாட்டி இடுப்பில் கட்டிய தறியில் பட்டை நெய்துகொண்டிருந்தார். மரவேலை பெரும்பாலும் ஆண்களுடையது, இந்த இடுப்புத் தறி பெண்களுடையது என்றாள் தோழி.

கடைகளில் பேச்சு ஸ்பானிஷில். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. ஆனால் இந்த ஊரில் எனக்குப் பாதி புரிந்தது. ‘மெசா’ என்றார்கள், அது மேசை. ‘அர்மாரியோ’ என்றார்கள், அது அலமாரி. தோழி தச்சரை ‘மாயெஸ்த்ரோ’ என்று கூப்பிட்டாள். என் காதில் அது ‘மேஸ்திரி’ என்று விழுந்தது, தப்பாகவும் விழவில்லை. போர்ச்சுக்கீசியர் நம் கரையில் இறக்கிவிட்டுப் போன சொற்கள் இவை. அதே நூற்றாண்டில் அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த ஏரிக்கரைக்கு வந்தார்கள். தோழியிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப நாற்காலி?” என்றாள். அது எங்களுடையது, நான்கு கால் என்று அர்த்தம் என்றேன். “மேசைக்கும் நாலு கால்தானே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

*

நாங்கள் நுழைந்த பட்டறையில் அறுபதைத் தாண்டிய தச்சர் ஒருவர். உள்ளே காதைக் கிழிக்கும் சத்தம். ரௌட்டர் மெஷின். பலகையில் அட்டையை வைத்துப் பென்சிலால் வரைந்த சூரியகாந்தி. அதைச் சுற்றியுள்ள மரத்தை மெஷின் குடைந்து எடுக்கிறது. பூ மேலே எழும்பி நிற்கிறது. அப்புறம்தான் உளியும் கொட்டாப்புளியும் வருகின்றன, இதழுக்கு வளைவு கொடுக்க. பிறகு உப்புத்தாள், நிறம், வார்னிஷ்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிட்டார். நான் தோழி வழியாக ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன்: “முழுக்கக் கையால செஞ்சது ஏதாவது இருக்கா?”

அவர் கோபப்படவில்லை. மெஷினை அணைத்தார். வலது தோளைப் பிடித்துக் காட்டினார். “இதை வாங்குறதுக்கு முன்னாடி ராத்திரி இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, தம்பி.” ‘ஹோவென்’ என்றார். வாலிபனே என்று அர்த்தம். தம்பி என்றுதான் எனக்குக் கேட்டது.

என் எட்டு வருடக் கட்டுரையில் முதல் விரிசல் விழுந்தது அங்கேதான். நான் விரல் தடம் தேடி வந்தேன். சரியாகச் சொன்னால் நான் கேட்டது அவருடைய தோள்வலியை. அந்த வலி மரத்தில் தெரிய வேண்டும், அதை நான் ‘உண்மையானது’ என்று தடவிப் பார்க்க வேண்டும்.

இதைப் பாஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாரா, நானாகக் கற்றுக்கொண்டேனா? அன்றிரவு கட்டுரையைத் திரும்பப் படித்தேன். அதன் கட்டுமானம் அப்போதுதான் கண்ணில் பட்டது. பாஸ் எப்போதும் எதிரெதிராக இரண்டு வைத்துவிட்டு மூன்றாவதைக் கொண்டுவருபவர். இங்கே தொழிற்சாலை, அருங்காட்சியகம், கைவினை. முதல் இரண்டும் ஒருவருக்கொருவர் குறையைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதாக வருவதற்கு எல்லா நல்ல குணமும் போய்ச் சேர்ந்துவிடும். நம் பழைய கதைகளில் மூத்தவனும் நடுவிலானும் தோற்க, கடைக்குட்டி ஜெயிப்பானே, அதே கணக்கு. கதையாக இது அழகு. ஆனால் கடைக்குட்டி ஜெயிக்க வேண்டுமென்றால் அவனிடம் அண்ணன்மாரின் குணம் ஒட்டியிருக்கக்கூடாது.

குவானாஹோவில் எல்லாம் ஒட்டியிருக்கிறது. பட்டறைக்குள் தொழிற்சாலை இருக்கிறது, ரௌட்டர் வடிவில். கதவின் மேல் அருங்காட்சியகம் இருக்கிறது, ரிவேராவின் பூக்காரி வடிவில். வாங்குபவர் என்ன கேட்கிறாரோ அதைச் செதுக்குகிறார்கள். இதனால் அந்த மேசை போலியாகிவிட்டதா? இல்லை. பாஸின் மூன்று பெட்டிகளில் எதற்குள்ளும் அது உட்காராது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கிளாரா போர்செத் நினைவுக்கு வந்தார். கியூபாவில் 1895இல் பிறந்து, மெக்சிகோவுக்கு அடைக்கலம் தேடி வந்து, 1981இல் மறைந்த மரச்சாமான் வடிவமைப்பாளர். ‘புதாக்கே’ என்ற பழைய சாய்வு நாற்காலியை எடுத்துத் திரும்பத் திரும்ப மாற்றிச் செய்தவர். 1952இல் மெக்சிகோ நகரத்தின் பெயாஸ் ஆர்த்தெஸ் அரண்மனையில் ‘அன்றாட வாழ்வில் கலை’ என்ற கண்காட்சியை நடத்தினார். கையால் செய்த பொருளையும் ஆலையில் செய்த பொருளையும் அதே கூரையின் கீழ் வைத்தார். பாஸ் கட்டுரை எழுதுவதற்கு இருபது வருடம் முன்னால். கைவினையின் அறிவு ஆலைக்குள் போக வேண்டும், ஆலையும் அதைக் கேட்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கவிஞர் பிரித்து வைத்ததை நாற்காலி செய்தவர் சேர்த்து வைத்தார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் அந்தத் தச்சரின் தோளுக்கு யாருடைய பக்கம் வசதி என்று கேட்டால், எனக்குச் சந்தேகமில்லை.

*

பட்டறையில் இன்னொரு பெயரும் அடிபட்டது. இந்த வேலை ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்குத் தச்சர் சட்டென்று, “தாதா வாஸ்கோ கொடுத்தது” என்றார். வாஸ்கோ தெ கிரோகா. மிச்சோவாகானின் முதல் பிஷப். ‘தாதா’ என்றால் இங்கே அப்பா, பெரியவர்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இவர் கதை சுவாரசியமானது. தாமஸ் மோரின் ‘யுடோப்பியா’ 1516இல் வந்தது. எங்கும் இல்லாத ஒரு தீவைப் பற்றிய புத்தகம். அங்கே எல்லோருக்கும் விவசாயம் தெரியும், கூடவே ஒரு கைத்தொழிலும் தெரியும், ஆறு மணி நேரம்தான் வேலை. அதை நாம் புனைவு என்று படிக்கிறோம். கிரோகா அதைத் திட்ட அறிக்கையாகப் படித்தார். 1531இல் நீதிபதியாக மெக்சிகோ வந்தவர், ஏரிக்கரையில் ‘மருத்துவமனை ஊர்’ என்ற பெயரில் குடியிருப்புகளை அமைத்தார். அவற்றுக்கு எழுதிய விதிகளில் அதே ஆறு மணி நேர வேலை இருக்கிறது. மோரின் தாக்கத்தை வரலாற்றாசிரியர் சில்வியோ சாவாலா 1937இல் விரிவாக எழுதிக்காட்டினார். மரபுக்கதை இன்னும் ஒரு படி மேலே போகும்: சாந்தா கிளாராவுக்குச் செம்பு, சின்சுன்சானுக்கு மண்பாண்டம், பராச்சோவுக்கு கித்தார் என்று ஊருக்கு ஒரு தொழிலாகப் பிரித்துக் கொடுத்ததே தாதா வாஸ்கோதான் என்று.

ஒரு நாவலைப் படித்துவிட்டு ஒரு ஏரிக்கரையைத் திருத்தி எழுதியவர்! எனக்குப் புல்லரித்தது. தோழிக்குப் புல்லரிக்கவில்லை. அவள் படித்த பல்கலைக்கழகமே கிரோகா 1540இல் தொடங்கிய கல்லூரியைத் தன் வேராகச் சொல்லிக்கொள்கிறது. சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. “அவர் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களா?” என்றாள்.

நியாயமான கேள்வி. ஸ்பானியர் வருவதற்கு முன்பே பூரேபெச்சா அரசு செம்பு வேலைக்குப் பேர்போனது. மக்காச்சோளத் தண்டின் சோற்றைப் பிசைந்து உருவம் செய்வது, மரத்தில் அரக்குப் பூச்சு, இறகு ஓவியம் எல்லாம் இருந்தன. கிரோகா வருவதற்கு ஒரு வருடம் முன்னால், 1530இல், இவர்களின் கடைசி அரசன் தங்காஷுவானை நூன்யோ தெ குஸ்மான் சித்திரவதை செய்து எரித்தான். அந்தச் சாம்பலின் மேல்தான் நல்ல பிஷப் வந்து நின்றார். நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் ‘கொடுத்தது’ என்ற சொல்லில் ஏற்கெனவே தெரிந்திருந்த கைகள் காணாமல் போகின்றன.

பாஸுக்கும் கிரோகாவுக்கும் நானூறு வருட இடைவெளி. ஒருவர் கைகளுக்கு வேலை ஒதுக்கினார். இன்னொருவர் கைகளுக்கு அர்த்தம் ஒதுக்கினார். இரண்டு பேருமே கைவினைஞரை நேசித்தவர்கள். இரண்டு பேரின் எழுத்திலும் கைவினைஞருக்குக் கை இருக்கிறது, வாய் இல்லை. கைகளைப் போற்றும் நூலில் கைகள் ஏன் பேசவில்லை என்று எட்டு வருடம் எனக்குத் தோன்றவேயில்லை.

*

மேசைக்கு வருகிறேன். தோழி தேர்ந்தெடுத்தது கட்டில் பக்கத்தில் வைக்கும் அளவு. மேலே ஒரு சூரியகாந்தி, ஒரு இழுப்பறை. விலை 1,800 பெசோ. அவள் பணத்தை எடுக்கப் போனாள். நான் தடுத்தேன். “1,500க்குக் கேளு.”

ஏன் கேட்டேன்? பழக்கம்தான். சந்தையில் முதல் விலையைக் கொடுப்பவன் ஏமாளி என்று வளர்ந்தவன். அவள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். தச்சர் எதுவும் சொல்லாமல் மேசையைக் கவிழ்த்தார்.

அடிப்பக்கத்தில் நிறம் இல்லை, வார்னிஷ் இல்லை. வெறும் பைன். கால் கட்டையின் நாக்கு சட்டத்தின் துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கும் இடம், கோந்து வழிந்து காய்ந்த தடம், ஒரு கணு. நடுவில் பென்சிலால் ஒரு கணக்கு. அவர் விரலை வைத்துப் படித்தார். மரம் 620. நிறம், வார்னிஷ், உப்புத்தாள் 280. கரண்டும் வண்டிக்கூலியும் 100. கூட்டினால் 1,000. மீதி 800. செதுக்கியது அவர், நிறம் தீட்டியது அவர் மனைவி. மூன்று நாள்.

“இதுல எதைக் குறைக்க?” என்றார். உண்மையாகவே கேட்டார், குத்திக்காட்டவில்லை.

மரக்கடைக்காரர் குறைக்க மாட்டார். வார்னிஷ் கம்பெனி குறைக்காது. நான் கேட்ட 300 அந்த 800இலிருந்துதான் போகும். அதாவது மேசையில் எது கையோ, அதிலிருந்து மட்டும். கையால் செய்தது வேண்டும் என்று ஆயிரக்கணக்கான மைல் வந்தவன், கையின் பங்கை மட்டும் குறைக்கச் சொன்னேன். எனக்குக் காது சூடானது. தோழி 1,800ஐ எண்ணி வைத்தாள்.

பாஸ் பேசும் உபரி, தேவைக்கு மேல் வரும் அந்தப் பூ, அதற்கும் ஒரு கூலி உண்டு. இழுப்பறை திறந்து மூட சூரியகாந்தி தேவையில்லை. அந்த இன்பத்துக்காக ஒருவர் ஒரு நாள் குனிந்திருக்கிறார், இன்னொருவர் நான்கு மணி நேரம் தூரிகை பிடித்திருக்கிறார். பாஸ் அந்த இன்பத்தை எழுதியதுபோல் எழுத இன்னொருவரால் முடியாது. ஆனால் அவர் மேசையை மேலிருந்தே பார்க்கிறார். கட்டுரையின் பாரம் முழுதும் பொருளுக்கும் அதைப் பயன்படுத்துகிறவருக்கும் நடுவே இருக்கிறது. கவிழ்த்துப் பார்க்கும் வேலையை நமக்கு விட்டுவிட்டார். நான் செய்யவில்லை.

கணக்கின் முதல் வரி மரம். மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தச்சர், “மேலேயிருந்து” என்று மலைப்பக்கம் கையைக் காட்டினார். முன்பெல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும், இப்போது தூரம், இப்போது விலை, ஈரம் காயாத மரத்தையே கொடுத்துவிடுகிறார்கள், காயாத மரத்தில் செய்தால் வீட்டுக்குப் போனபின் பிளக்கும், பேர் கெடும் என்றார். அதற்கு மேல் பேசவில்லை. தோழியும் அதற்கு மேல் மொழிபெயர்க்கவில்லை. கோம்பியில் ஏறியபின்தான் சொன்னாள்: “இங்க மரத்தைப் பத்தி யாரும் நீட்டி முழக்கிப் பேச மாட்டாங்க.”

மேற்கே இருக்கும் மலைநாட்டை ‘மெசெத்தா பூரேபெச்சா’ என்கிறார்கள். மெசெத்தா என்றால் சின்ன மேசை. நாம் பீடபூமி என்கிறோம். ஏதோ ஒரு வகையில் எல்லோருக்கும் அது மரச்சாமான்தான். அந்த மேசை மேலிருந்த காடு பல வருடமாகக் களவு போய்க்கொண்டிருந்தது. ஆயுதம் ஏந்தியவர்களின் துணையோடு லாரி லாரியாக. அங்கே செரான் என்ற ஊரில் 2011 ஏப்ரல் 15 விடியற்காலையில் பெண்கள் அந்த லாரிகளை மறித்தார்கள். கல்லும் பட்டாசும்தான் ஆயுதம். பிறகு தெருமுனை தோறும் தீ மூட்டி இரவிரவாகக் காவல் இருந்தார்கள். கட்சிகளையும் போலீசையும் ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, தங்கள் வழக்கப்படி தாங்களே ஆண்டுகொள்கிறார்கள். நாற்றங்கால் வைத்து பைன் வளர்க்கிறார்கள்.

மரக்கடத்தல் மட்டுமில்லை. பைனுக்குப் பிடித்த உயரமும் மண்ணும் பெரும்பாலும் அவகாடோவுக்கும் பிடிக்கும். 1914 முதல் மெக்சிகோ அவகாடோவுக்கு இருந்த தடையை அமெரிக்கா 1997இல் தளர்த்தியது. அப்புறம் பல வருடம், அந்தச் சந்தை திறந்திருந்தது இந்த ஒரு மாநிலத்துக்குத்தான். பைன் நின்ற சரிவுகளில் பழத்தோட்டம் ஏறியது. வரும் வழியில் ‘எவ்வளவு பச்சை’ என்று நான் படம் எடுத்த ஒரு சரிவு காடு இல்லை, தோட்டம் என்று திரும்பும்போது தோழி காட்டினாள்.

கைவினைப் பொருள் சாவதற்குக் கற்றுக்கொடுக்கிறது என்கிறார் பாஸ். இந்த வரிக்காகத்தான் நான் அவரை எட்டு வருடம் சுமந்தேன். இப்போதும் அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு மேசை மெல்லக் கிழடாகும் விதம் என்பது ஒரு நாகரிகம். ஆனால் மேசை நிதானமாகச் சாக வேண்டுமென்றால், மரம் மேசையை விட மெதுவாக வளர்ந்து நிற்க வேண்டும். காடு மேசைக்கு முன்னால் செத்துப்போனால் அது வேறு சாவு. அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, மறிக்கத்தான் வேண்டும். 1973இல் பாஸ் இதை எழுதியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்று அவரைப் படிக்கிற நாம், காலம் பற்றிய அவர் பேச்சோடு காட்டின் காலத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியவில்லை. முயன்று பார்த்தேன். கைவினைஞருக்கு நாடு கிடையாது, ஊர்தான் உண்டு என்ற பொருளில் பாஸ் ஓரிடத்தில் எழுதுகிறார். மெக்சிகோவின் கைவினை என்று விமான நிலையக் கடையில் விற்பார்கள். ஆனால் அந்தத் தச்சருக்கு அவர் செய்வது குவானாஹோ மேசை. பக்கத்து ஊரின் வேலையைக் காட்டினால், “அது வேற” என்று உதட்டைப் பிதுக்குகிறார். அந்தப் பிதுக்கலைப் பாஸ் சரியாகப் பிடித்திருக்கிறார். நேசித்த எழுத்தாளரிடம் சண்டை போடுவதில் உள்ள சிரமம் இதுதான். பாதி சண்டையில் அவர் நம் பக்கம் வந்து நின்றுகொள்கிறார்.

*

மேசையை அட்டையால் சுற்றி, கோம்பியின் கூரையில் கட்டி, பாட்ஸ்குவாரோவில் பஸ் மாற்றி, கடைசி ஒரு மணி நேரம் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அடிப்பக்கத்தின் சொரசொரப்பு கால்சட்டை வழியாகக் குத்திக்கொண்டே இருந்தது.

தோழியின் அம்மா மேசையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கட்டில் பக்கத்தில் வைத்தார். இழுப்பறையை நான்கைந்து தரம் இழுத்து மூடினார். ஜபமாலையையும் மாத்திரை டப்பாவையும் உள்ளே போட்டார். பிறகு சமையலறைக்குப் போய், கண்ணாடிபோல் தெரியும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து, அளவாகக் கத்தரித்து சூரியகாந்தியின் மேல் போட்டார். காப்பிக் கறை படக்கூடாதாம்.

நான் தோழியைப் பார்த்தேன். “பாஸ்கிட்ட சொல்லிடாதே” என்றாள்.

இரவு பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். தோழியின் அம்மா விரிப்பின் ஒரு முனையைத் தூக்கிப் பூவைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் இதழைத் தடவிப் பார்த்து, எவ்வளவு என்று கேட்டார். 1,800 என்றார் இவர். “குறைச்சுக் கேட்கலையா?” என்றார் அவர்.

யாரும் பதில் சொல்வதற்கு முன் நான் எழுந்துபோய் மேசையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கலாம். மாத்திரை டப்பா உள்ளே இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். தோழியின் அம்மா, “கேட்கலை” என்று சொல்லிவிட்டு விரிப்பை மறுபடி போட்டு, அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.